போர்க்கப்பலை பிரிட்டன் எடுத்துக்கொண்டது, இழுவைக் கப்பல் பெயர் வாங்கித் தந்தது: சிலி மாலுமி லூயிஸ் பார்டோவின் கதை

1916 மே 31. டென்மார்க்கை ஒட்டிய வட கடலில் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதிக்கொண்டன. முதல் உலகப் போரின் மிகப்பெரிய கடற்சண்டை அது. பெயர் ஜட்லாண்ட். அன்று பிரிட்டன் வரிசையில் நின்ற போர்க்கப்பல்களில் ஒன்றின் பெயர் 'கனடா'. ஆனா அந்தக் கப்பல் கனடாவுக்காகக் கட்டப்பட்டதில்லை. பிரிட்டனுக்காகவும் இல்லை. தென் அமெரிக்காவில் இருக்கும் சிலி நாடு ஆர்டர் கொடுத்து, இங்கிலாந்தில் கட்டிக்கொண்டிருந்த கப்பல் அது. சிலி வைத்திருந்த பெயர் அல்மிரான்டே லடோரே. 28,000 டன்னுக்கு மேல் எடை, பத்து ராட்சத பீரங்கிகள். 1914-ல் போர் வெடித்ததும் பிரிட்டன் அதைத் தானே வாங்கி எடுத்துக்கொண்டது. சிலியால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை.

ஜட்லாண்ட் முடிந்து சரியாக மூன்று மாதத்தில், சிலி கடற்படையின் வேறொரு கப்பல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அது போர்க்கப்பலே இல்லை. 36.5 மீட்டர் நீளம். மூன்று மாநகரப் பேருந்துகளை வரிசையாக நிறுத்தினால் எவ்வளவோ அவ்வளவுதான். வயர்லெஸ் கிடையாது. மின்விளக்கு கிடையாது. குளிருக்கு ஹீட்டிங் கிடையாது. அதன் பெயர் யெல்ச்சோ. ஓட்டியவர் பெயர் லூயிஸ் பார்டோ.

அண்டார்டிகா ஓரத்தில் நான்கு மாதமாகச் சிக்கிக் கிடந்த 22 பேரை உயிரோடு கொண்டுவந்தவர் அவர். அந்த 22 பேரின் தலைவர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தலைமைப் பண்பு பற்றிய பயிற்சி வகுப்பு எதிலாவது உட்கார்ந்திருந்தால் கண்டிப்பாகக் கேட்டிருப்பீர்கள். பார்டோ பெயர் அந்த ஸ்லைடுகளில் பெரும்பாலும் வராது. சிலியில் மட்டும் கதை தலைகீழ். அங்கே அவர்தான் ஹீரோ.

ஒரு சின்ன கடற்படையால் ஒரு நாட்டுக்கு வெளியுலகில் என்ன மரியாதை வாங்கித் தர முடியும் என்ற கேள்விக்கு, இவர் வாழ்க்கையை விட நல்ல பதில் கிடைப்பது கஷ்டம்.

விமானம் ஓட்டாத பைலட்

லூயிஸ் ஆல்பெர்ட்டோ பார்டோ வில்லலோன் 1882 செப்டம்பர் 20-ம் தேதி தலைநகர் சாண்டியாகோவில் பிறந்தார். கடல் பார்க்க வேண்டுமென்றால் மலை தாண்டி வால்பரைசோ துறைமுகத்துக்குப் போக வேண்டிய ஊர். 1900 வாக்கில் அந்த வால்பரைசோவுக்கே போய் கடல் படிப்பு படித்தார். படித்தது வணிகக் கப்பல் பயிற்சி. 1906-ல்தான் கடற்படைக்குள் வந்தார், மூன்றாம் நிலை பைலட்டாக. 1910-ல் இரண்டாம் நிலை.

இங்கே பைலட் என்றால் கப்பலுக்கு வழி பார்ப்பவர். எங்கே பாறை, எங்கே ஆழம், எங்கே நீரோட்டம் என்று தெரிந்து கப்பலைக் கொண்டுபோகிறவர். இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். கடற்படைப் பள்ளியில் சேர்ந்து, வாளும் சீருடையுமாக வெளியே வந்து, பிற்காலத்தில் அட்மிரல் ஆகும் பாதையில் அவர் இல்லை. வணிகக் கப்பல் பக்கமிருந்து வேலை தெரிந்த ஆளாக எடுக்கப்பட்டவர். இன்றைய ஆபீஸ் பாஷையில் சொன்னால், டெக்னிக்கல் ஸ்டாஃப். பெரிய கப்பல்களின் பாலத்தில் நிற்கும் வாய்ப்பு இவர்களுக்கு வராது. நாட்டின் தென்கோடியில், மெகல்லன் நீரிணைக் கரையில் இருக்கும் புன்டா அரேனாஸ் நகரம்தான் அவருக்கு வாய்த்த இடம்.

அங்கே கடற்படை என்ன செய்துகொண்டிருந்தது? சண்டை போடவில்லை. சிலியின் கடற்படையை தென் அமெரிக்க அளவில் சின்னது என்று சொல்லிவிட முடியாது, வடக்கே அதற்கு பீரங்கிக் கப்பல்கள் இருந்தன. ஆனால் தெற்கே இருந்தவை சிறிய உதவிக் கப்பல்கள்தான். கலங்கரை விளக்கக் காவலர்களுக்கு எண்ணெயும் சாப்பாடும் கொண்டுபோவது, மிதவைகளைச் சரிபார்ப்பது, தீவுகளில் குடியேறியவர்களுக்குத் தபால் கொடுப்பது, கப்பல் உடைந்தால் தேடிப் போவது. யெல்ச்சோவும் அப்படி ஒன்று. ஸ்காட்லாந்தில் 1906-ல் ஒரு தனியார் கம்பெனிக்காகக் கட்டப்பட்டது. 1908-ல் கடற்படை வாங்கியது.

பார்க்கப் போனால் சலிப்பான வேலை. ஆனால் இந்த வேலைக்குப் பின்னால் ஒரு சர்வதேச வாக்குறுதி இருந்தது.

நீரிணை யாருடையது?

பனாமா கால்வாய் 1914 ஆகஸ்ட்டில் திறக்கும் வரை, அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் கப்பல்களுக்கு இருந்த வழி தென் அமெரிக்காவின் கீழ்முனைதான். ஒன்று கேப் ஹார்னைச் சுற்றி வரணும், இல்லையென்றால் மெகல்லன் நீரிணைக்குள் புகுந்து வரணும். 1881-ல் சிலியும் அர்ஜென்டினாவும் போட்டுக்கொண்ட எல்லை ஒப்பந்தத்தில் நீரிணைக்கு ஒரு தனிப் பிரிவு உண்டு. நீரிணை என்றென்றும் நடுநிலை. எல்லா நாட்டுக் கொடிக்கும் வழி திறந்திருக்கும். கரையில் கோட்டை கொத்தளம் கட்டக் கூடாது.

சிலிக்கு நீரிணை கிடைத்தது, ஆனால் பூட்டுப் போடும் உரிமை கிடைக்கவில்லை. அப்புறம் எப்படி இது எங்கள் இடம் என்று காட்டுவது? வருகிற கப்பலுக்கு விளக்குப் போட்டுத்தான். 1890-களில் ஜார்ஜ் ஸ்லைட் என்ற ஸ்காட்லாந்து இன்ஜினீயரைக் கூட்டிவந்து சிலி வரிசையாகக் கலங்கரை விளக்கங்கள் கட்டியது. அந்த விளக்குகளை அணையாமல் பார்த்துக்கொண்டவை யெல்ச்சோ மாதிரிக் கப்பல்கள். ஜெர்மன் கப்பலா, பிரிட்டிஷ் கப்பலா என்று விளக்கு பார்ப்பதில்லை. கப்பல் தரை தட்டினால் கொடியைப் பார்த்து உதவுவதும் இல்லை.

போர் வந்ததும் இந்த நடுநிலை ரொம்பச் சோதனைக்கு உள்ளானது. சிலி எந்தப் பக்கமும் சேரவில்லை. ஆனால் 1914 நவம்பரில் சிலிக் கரையை ஒட்டி கொரோனெலில் ஜெர்மன் கப்பல்கள் பிரிட்டிஷ் கப்பல்களை மூழ்கடித்தன. அடுத்த மாதம் ஃபாக்லாந்து தீவுகள் பக்கம் பிரிட்டன் பழி தீர்த்தது. அதில் தப்பிய டிரெஸ்டன் என்ற ஜெர்மன் கப்பல், புன்டா அரேனாஸைச் சுற்றியுள்ள கால்வாய்களில் வாரக்கணக்கில் ஒளிந்து திரிந்தது. கடைசியில் 1915 மார்ச் 14-ம் தேதி, சிலிக்குச் சொந்தமான ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவில், சிலியின் கடல் எல்லைக்குள்ளேயே வந்து பிரிட்டன் அதைத் தாக்கியது. சிலி கண்டனம் தெரிவித்தது, பிரிட்டன் மன்னிப்புக் கேட்டது. சண்டைக்காரர்கள் இருவரும் நம் வீட்டு முற்றத்தில் வந்து அடித்துக்கொண்டால் எப்படி இருக்கும்? சிலியின் நிலைமை அதுதான். போர்க்கப்பலும் போச்சு, எல்லையையும் யாரும் மதிக்கவில்லை.

இந்தச் சூழலில்தான் 1916 ஜூலை மாதம் புன்டா அரேனாஸ் துறைமுகத்தில் தாடியும் சோர்வுமாக ஷாக்கிள்டன் வந்து இறங்கினார்.

மூன்று தோல்விகள்

அண்டார்டிகாவைக் குறுக்காக நடந்து கடக்கக் கிளம்பியவர் ஷாக்கிள்டன். அவருடைய எண்டூரன்ஸ் கப்பல் 1915 ஜனவரியில் கடல் பனியில் மாட்டியது. பத்து மாதம் பனியோடு நகர்ந்து, நொறுங்கி, நவம்பர் 21-ம் தேதி மூழ்கியது. 28 பேரும் பனித்தட்டுகளில் கூடாரம் போட்டு மாதக்கணக்கில் கிடந்து, பிறகு மூன்று சிறு படகுகளில் ஏறி, 1916 ஏப்ரல் நடுவில் எலிஃபண்ட் தீவை அடைந்தார்கள். ஆள் இல்லாத தீவு, எந்தக் கப்பலும் அந்தப் பக்கம் வராது.

ஏப்ரல் 24-ம் தேதி ஷாக்கிள்டன் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு படகில் கிளம்பினார். சுமார் 800 கடல் மைல் தாண்டி, தெற்கு ஜார்ஜியா தீவின் திமிங்கில வேட்டை நிலையத்தைச் சேர்ந்தார். இந்தப் பயணத்தைப் பற்றித்தான் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள், அதனால் இங்கே விட்டுவிடுவோம். மீதி 22 பேரும் ஃபிராங்க் வைல்டு தலைமையில் எலிஃபண்ட் தீவிலேயே இருந்தார்கள். கவிழ்த்துப் போட்ட இரண்டு படகுகள்தான் வீடு. சீல், பென்குவின் இறைச்சிதான் சாப்பாடு. உறைபனியில் அழுகிய ஓர் இளைஞரின் கால் விரல்களை அந்தப் படகுக் கூரைக்குள்ளேயே வைத்து டாக்டர்கள் வெட்டி எடுத்தார்கள். தலைவர் இன்றைக்கு வரலாம், மூட்டையைக் கட்டுங்க என்று தினமும் காலையில் வைல்டு சொல்வாராம். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாலு மாசம்.

ஷாக்கிள்டன் சும்மா இருக்கவில்லை. மே மாதம் தெற்கு ஜார்ஜியாவில் கிடைத்த திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் போனார். பனி தடுத்தது, திரும்பினார். ஜூனில் உருகுவே அரசு தன் மீன்பிடிக் கப்பல் ஒன்றைக் காசு வாங்காமல் கொடுத்தது. தீவு கண்ணுக்குத் தெரியும் தூரம் வரை போய், மறுபடியும் பனியால் திரும்பினார். ஜூலையில் புன்டா அரேனாஸ் வந்தபோது, அங்கிருந்த பிரிட்டிஷ் மக்கள் பணம் வசூலித்து எம்மா என்ற பழைய மரக் கப்பலை ஏற்பாடு செய்தார்கள். அதை முதல் கொஞ்ச தூரம் கயிறு கட்டி இழுத்துப்போனது யார் தெரியுமா? நம்ம யெல்ச்சோதான். எம்மாவும் பனியிடம் தோற்று ஃபாக்லாந்துக்கு ஒதுங்கியது. அங்கே போய் அதைத் திரும்ப இழுத்து வந்ததும் யெல்ச்சோவே.

பிரிட்டன் எங்கே போனது என்று கேட்கலாம். அதன் கப்பல்கள் போரில் இருந்தன. டிஸ்கவரி என்ற பழைய ஆய்வுக் கப்பலைத் தயார் செய்து அனுப்பும் ஏற்பாடு நடந்தது, ஆனால் அது உலகத்தின் மறுகோடியிலிருந்து வரணும். அதுவரை தீவில் இருப்பவர்கள் தாங்குவார்களா என்பதே ஷாக்கிள்டனின் பயம்.

அவர் சிலி அரசிடம் கேட்டார். யெல்ச்சோவைக் கொடுங்கள், போதும்.

நிபந்தனையோடு ஒரு கப்பல்

சும்மா ஓகே சொல்லிவிடக்கூடிய விஷயம் இல்லை இது. யெல்ச்சோ கால்வாய்களுக்குள் ஓடும் கப்பல். ஒற்றை இரும்புத் தகடுதான் உடம்பு. பனிப்பாறை ஒரு உரசு உரசினால் போதும், கதை முடிந்தது. ஆகஸ்ட் என்றால் அங்கே குளிர்காலம். குறுக்கே இருக்கும் ட்ரேக் கடல்வழி, பூமியிலேயே மிக மோசமான கடல்களில் ஒன்று. வயர்லெஸ் இல்லாததால், ஏதாவது ஆனால் யாருக்கும் சொல்லக்கூட முடியாது. 22 பேரைக் காப்பாற்றப் போய் சிலி தன் ஆட்களை இழந்தால், அதற்கு மேல் ஒரு ராஜதந்திரத் தலைவலி வேண்டாம்.

அதனால் கடற்படை ஒரு நிபந்தனை வைத்தது. பனிக்குள் போகக் கூடாது. ஷாக்கிள்டன் ஒப்புக்கொண்டார்.

கப்பலுக்குத் தலைமை ஏற்க பார்டோ தானாக முன்வந்தார். அவருக்கு 33 வயது, கல்யாணம் ஆனவர். அவரோடு போன மாலுமிகளும் விருப்பப்பட்டே சேர்ந்தவர்கள் என்று சிலி வரலாறு சொல்கிறது. கிளம்பும் முன் தன் அப்பாவுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். மீட்டுக்கொண்டு வருவேன், இல்லையென்றால் வரவே மாட்டேன், வெறுங்கையோடு மட்டும் திரும்ப மாட்டேன் என்பது அதன் சாரம். படிக்க சினிமா வசனம் மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கப்பலில், அந்த மாதத்தில் போகிறவர் வீட்டுக்கு எழுதும் கடிதம் வேறு எப்படி இருக்கும்னு தெரியல.

1916 ஆகஸ்ட் 25-ம் தேதி நள்ளிரவு தாண்டியதும் யெல்ச்சோ புறப்பட்டது. ஷாக்கிள்டன், ஃபிராங்க் வோர்ஸ்லி, டாம் கிரீன் மூவரும் ஏறிக்கொண்டார்கள். நேரே தெற்கே கடலில் இறங்காமல், பார்டோ தனக்குத் தெரிந்த கால்வாய்கள் வழியாகக் கப்பலைக் கொண்டுபோனார். பத்து வருஷம் விளக்குகளுக்கு எண்ணெய் சுமந்த அனுபவம் இங்கேதான் கைகொடுத்தது. பீகிள் கால்வாயின் வாசலில் இருக்கும் பிக்டன் தீவில் நிறுத்தி, 300 மூட்டை நிலக்கரி ஏற்றிக்கொண்டார்கள். இந்த பிக்டன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

அங்கிருந்து எலிஃபண்ட் தீவு சுமார் 500 கடல் மைல். 28-ம் தேதி கிளம்பினார்கள். கடல் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. 29-ம் தேதி இரவு மூடுபனி சூழ்ந்தது. வேறு ஒரு கேப்டன் என்றால், நிபந்தனையைக் காரணம் காட்டி விடியும் வரை தள்ளி நின்றிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. பார்டோ வேகத்தைக் குறைத்து, பனிப்பாறைகளுக்கு நடுவே மெதுவாகத் தொடர்ந்தார்.

30-ம் தேதி காலை. முன்பு மூன்று முறையும் வழி அடைத்த பனி, அன்று விலகியிருந்தது. இதில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. காற்று திசை மாறியது அதிர்ஷ்டம். மாறிய அந்த நேரத்தில் கப்பல் அங்கே இருந்தது அதிர்ஷ்டம் மட்டும் இல்லை.

பகல் 12 மணி நெருங்கும்போது வோர்ஸ்லி கண்ணில் முகாம் பட்டது. தீவில் இருந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கப்பலைப் பார்த்துக் கத்த, எல்லாரும் படகு வீட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். வந்த கப்பலின் கொடி அவர்களுக்குப் பரிச்சயமில்லாத கொடி. பிரிட்டிஷ் கப்பலை எதிர்பார்த்திருந்தவர்களுக்கு முன்னால், நட்சத்திரம் ஒன்று போட்ட சிவப்பு, வெள்ளை, நீலக் கொடி. ஷாக்கிள்டன் படகில் நின்றபடி எண்ணிப் பார்த்தார். 22 பேரும் இருந்தார்கள்.

சுமார் ஒரு மணி நேரத்தில் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு யெல்ச்சோ திரும்பியது. பனி மறுபடி மூடுவதற்குள் கிளம்பிடணும் என்பதுதான் எல்லார் மனசிலும். செப்டம்பர் 3-ம் தேதி புன்டா அரேனாஸ். ஊருக்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே ரியோ செக்கோ என்ற இடத்தில் நிறுத்தி, ஷாக்கிள்டன் ஊருக்கு டெலிபோன் செய்துவிட்டார். அதனால் யெல்ச்சோ துறைமுகத்தில் நுழைந்தபோது ஊரே கரையில் நின்றது.

கணக்குப் பார்த்தால்

அதே கப்பலில் அவர்களை வடக்கே வால்பரைசோ வரைக்கும் கூட்டிப்போனது கடற்படை. இதைக் கவனியுங்க. வசதியான பயணிகள் கப்பலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் யெல்ச்சோவிலேயே, பார்டோ தலைமையிலேயே அனுப்பினார்கள். செப்டம்பர் 27-ம் தேதி வால்பரைசோவில் பெருங்கூட்டம் வரவேற்றது. சாண்டியாகோவில் அதிபர் சான்ஃபுவென்டஸ் ஷாக்கிள்டனைச் சந்தித்தார். சிலி அரசுக்கு இது என்ன மாதிரி வாய்ப்பு என்று நன்றாகவே தெரிந்திருந்தது.

போன வருஷம்தான் தன் எல்லைக்குள் வந்து குண்டு போட்டதற்காக பிரிட்டனிடம் கண்டனம் தெரிவித்த நாடு. இப்போது பிரிட்டனின் ஆட்களைத் தன் கப்பலில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. எந்தக் கூட்டணியிலும் சேராமல், ஒரு குண்டும் சுடாமல், நடுநிலையைத் துளியும் விடாமல். போரில் ஒரு பக்கத்துக்கு நிலக்கரி கொடுத்தால் மறுபக்கம் கோபிக்கும். கடலில் தவிப்பவரைத் தூக்கிவந்தால் யார் கோபிக்க முடியும்? சின்ன கடற்படைகளுக்கு இது ஒரு பெரிய ஆயுதம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆயுதம் என்ற சொல் இங்கே பொருந்தாதுதான் என்றாலும்.

பார்டோ செய்த இன்னொரு காரியம் இதை முழுமையாக்கியது. பிரிட்டன் அவருக்கு 25,000 பவுண்டு பரிசு தர முன்வந்ததாகவும், கடற்படை கொடுத்த வேலையைத்தான் செய்தேன் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டதாகவும் சிலியில் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் அது ஆயுசுக்கும் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய தொகை. வாங்கியிருந்தால் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வாங்கியிருந்தால் அது கூலி கொடுத்து முடித்த கணக்கு. வாங்காததால் அது ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குச் செய்த உதவியாகவே நின்றது.

அவருக்குக் கிடைத்தது முதல் நிலை பைலட்டாகப் பதவி உயர்வு. ஒரு படி. அவ்வளவுதான். 1919-ல் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார். அடுத்த வருஷம், 1920-ல், அந்தப் பெரிய போர்க்கப்பலை பிரிட்டனிடமிருந்து சிலி திரும்ப விலைக்கு வாங்கியது.

1930-ல் சிலி அரசுக்கு பார்டோ ஞாபகம் வந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்துக்கு அவரை கான்சலாக அனுப்பினார்கள். யோசித்துப் பாருங்கள், வெளியுறவுத் துறையில் படிப்படியாக வந்தவர் இல்லை. ஒரு பத்து நாள் பயணம்தான் அவருடைய தகுதிச் சான்றிதழ். ஆனால் கப்பல்காரர்களின் ஊரான லிவர்பூலில் அதைவிடப் பெரிய சான்றிதழ் எது? ஷாக்கிள்டன் அப்போது உயிரோடு இல்லை. 1922 ஜனவரியில் தெற்கு ஜார்ஜியாவில் இறந்து, அங்கேயே அடக்கமானார். 1934 வரை பார்டோ அந்தப் பதவியில் இருந்தார். ஊர் திரும்பி, 1935 பிப்ரவரி 21-ம் தேதி காலமானார். வயது 52.

தீவுக்குப் பெயர் வைத்தவர்கள்

இதோடு முடித்தால் அழகான கதை. ஆனால் நாடுகள் நல்ல செயல்களை மறப்பதும் இல்லை, சும்மா விடுவதும் இல்லை.

1940 நவம்பரில், அண்டார்டிகாவின் ஒரு பெரிய துண்டு தங்களுடையது என்று சிலி அறிவித்தது. எலிஃபண்ட் தீவும் அதற்குள் வருகிறது. அதே பகுதிக்கு பிரிட்டனும் உரிமை கோருகிறது, அர்ஜென்டினாவும் கோருகிறது. எங்களுக்கும் அந்தக் கடலுக்கும் பழைய உறவு உண்டு என்று சிலி காட்டும் ஆதாரங்களில் யெல்ச்சோ பயணமும் சேர்ந்தது. எலிஃபண்ட் தீவு இருக்கும் தீவுக்கூட்டத்துக்கு சிலி வரைபடங்களில் பைலட் பார்டோ தீவுகள் என்று பெயர். அந்தத் தீவின் மலைத்தொடருக்கும் பார்டோ பெயர். பரிசுப் பணம் வேண்டாம் என்ற மனிதரின் பெயரில் நில உரிமைப் பேச்சு. இதை வஞ்சகம் என்று சொல்ல மாட்டேன், எல்லா நாடும் செய்வதுதான். ஆனால் உதவிக் கப்பல் போன பாதையில் பின்னாலேயே கொடியும் போகும் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான்.

நல்லவேளை, உரிமைச் சண்டை பெரிதாகவில்லை. 1959-ல் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிக் ஒப்பந்தம், எல்லாருடைய உரிமைக் கோரிக்கையையும் அப்படியே நிறுத்திவைத்தது. ராணுவ நடவடிக்கைக்கும் தடை போட்டது. சிலி, பிரிட்டன், அர்ஜென்டினா மூன்றுமே அதில் உண்டு. வைல்டும் ஆட்களும் தங்கியிருந்த இடத்தில் இன்று பார்டோவின் மார்பளவுச் சிலை நிற்கிறது. அதை ஒப்பந்த நாடுகள் எல்லாம் சேர்ந்து பாதுகாக்க வேண்டிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்திருக்கின்றன. 22 பேரை நான்கு மாதம் கட்டிக்காத்த வைல்டுக்கு அங்கே சிலை இல்லை, அந்த முனைக்குப் பெயர் மட்டும் அவருடையது.

இப்போது பிக்டன் தீவுக்கு வருவோம். யெல்ச்சோ நிலக்கரி ஏற்றிய அந்தத் தீவும், பக்கத்தில் இருக்கும் இரண்டு தீவுகளும் யாருக்குச் சொந்தம் என்பதில் சிலிக்கும் அர்ஜென்டினாவுக்கும் பல காலமாகத் தகராறு. 1978 டிசம்பரில் இரு நாட்டுக் கடற்படைகளும் போருக்குத் தயாராகக் கிளம்பியே விட்டன. கடைசி நேரத்தில் போப்பாண்டவர் தலையிட்டார். வாடிகன் மத்தியஸ்தத்தில் 1984-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தீவுகள் சிலிக்குப் போயின.

அதே இரு கடற்படைகள் 1998 முதல் ஒவ்வொரு அண்டார்டிகக் கோடையிலும் சேர்ந்து ரோந்து போகின்றன. முறை வைத்து மாற்றி மாற்றிக் கப்பல் அனுப்புகின்றன. வேலை என்ன தெரியுமா? ஆபத்தில் சிக்கும் கப்பல்களைத் தேடுவது, ஆட்களை மீட்பது, கடலில் எண்ணெய் கொட்டினால் கட்டுப்படுத்துவது. எந்த நாட்டுக் கொடியாக இருந்தாலும் சரி. சிலி கடற்படையில் இப்போது ஓடும் ரோந்துக் கப்பல்களில் ஒன்றின் பெயர் பைலட் பார்டோ. போர்க்கப்பல்களுக்கு அட்மிரல்கள் பெயர் வைப்பதுதான் வழக்கம். அட்மிரல் ஆக வாய்ப்பே இல்லாத ஒருவர் பெயர், பதவியையும் சேர்த்தே, அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கிறது.

அல்மிரான்டே லடோரே 1959-ல் ஜப்பானுக்கு உடைப்பதற்காக இழுத்துச் செல்லப்பட்டது. யெல்ச்சோவும் பிறகு உடைக்கப்பட்டது. ஆனால் அதன் முன்பகுதியை மட்டும் எடுத்துவைத்திருக்கிறார்கள். பீகிள் கால்வாய்க் கரையில், பிக்டனுக்கு மேற்கே உள்ள பியூர்ட்டோ வில்லியம்ஸ் என்ற சின்ன ஊரில் அது நிற்கிறது.